பூஜ்ய எண் பயனர்

இணையதளம் நடத்துவோருக்குக் கணினிகளை வாடகைக்கு விடும் ஹோஸ்டிங் நிறுவனங்களின் விலைப்பட்டியலில், விலை ஏற ஏற, ‘ஃபுல் ரூட் ஆக்சஸ்’ என்னும் வரி தவறாமல் இடம்பெறுகிறது. நினைவகம் எத்தனை ஜிகாபைட், வட்டு எத்தனை டெராபைட் என்னும் அளவுகளுக்கு நடுவே அதுவும் ஒரு வசதியைப் போல அச்சிடப்படுவதால், கூடுதல் பணத்துக்குக் கிடைக்கும் கூடுதல் பண்டமாகவே வாங்குபவர் அதைக் கருதிவிடுகிறார். உண்மையில் அந்த வரியின் வழியே கைமாறுவது கணினியின் மீதான நிர்வாக அதிகாரம் முழுவதும் ஆகும். அதுவரை ஹோஸ்டிங் நிறுவனத்தின் ஊழியர்கள் பார்த்துவந்த வேலைகளும், பட்டியலில் தனியே குறிப்பிடப்படாமல், அதனுடன் சேர்ந்து வாடிக்கையாளரின் தலையில் வந்து இறங்குகின்றன.

ஓர் இணையதளத்தின் பக்கங்களையும் படங்களையும் தரவுகளையும் வைத்துக்கொண்டு, கேட்பவருக்குக் கேட்ட கணத்தில் அனுப்பிவைப்பதற்காக இரவுபகலாக ஓடிக்கொண்டிருக்கும் கணினியே சர்வர் எனப்படுகிறது. ஷேர்டு ஹோஸ்டிங் என்னும் மலிவான முறையில் ஒரே சர்வரில் நூற்றுக்கணக்கான தளங்கள் ஒண்டுக்குடித்தனம் நடத்துகின்றன. தன் அறையை எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம், கிணறும் கூரையும் வீட்டுக்காரர் பொறுப்பு. இங்கே வாடிக்கையாளர் கையில் இருப்பது சிபேனல் போன்ற ஒரு கட்டுப்பாட்டுப் பலகை மட்டுமே. அதிலுள்ள பொத்தான்கள் அனுமதிப்பதற்கு மேல் அவரால் எதுவும் செய்ய இயலாது. விபிஎஸ் எனப்படும் இடைநிலை முறையில், பெரிய கணினி ஒன்று மென்பொருளின் துணையால் பல சிறு கணினிகளாகப் பகுக்கப்பட்டு, அவை ஒவ்வொன்றும் தனித்தனி ஆளுக்கு விடப்படுகிறது. டெடிகேட்டட் சர்வரில் பெட்டி முழுவதும் ஒரே வாடிக்கையாளருக்கு உரியது. விபிஎஸ்ஸிலும் நிர்வாக அதிகாரம் கிடைக்கும் என்றாலும், இரண்டு வட்டுகளில் ஒன்று பழுதானாலும் மற்றொன்றில் தரவு நிற்கும்படி அவற்றை எப்படி இணைப்பது என வன்பொருளைத் தொடும் முடிவுகள் வரை அந்த அதிகாரம் நீள்வது டெடிகேட்டட் சர்வரில்தான்.

இந்த அதிகாரத்தின் வடிவம் பழையது. 1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்ப்சனும் டென்னிஸ் ரிட்சியும் உருவாக்கத் தொடங்கிய யூனிக்ஸ் இயங்குதளம், ஒரு கணினியைப் பலர் பகிர்ந்துகொள்ளும் காலத்துக்காகப் பிறந்தது ஆகையால், ஒருவரது கோப்பில் மற்றவர் கைவைக்காமல் காப்பது அதன் முதல் கவலைகளில் ஒன்றாக இருந்தது. ஒவ்வொரு பயனருக்கும் ஓர் எண் தரப்பட்டது. ஒவ்வொரு கோப்பின் மீதும் அதன் உரிமையாளர் யார், யாரெல்லாம் படிக்கலாம், எழுதலாம், இயக்கலாம் என்னும் குறிப்பு எழுதப்பட்டது. பழுது பார்க்கவும் புதிய பயனர்களைச் சேர்க்கவும் இந்தக் காவலைக் கடந்து செல்லக்கூடிய ஒருவர் தேவைப்பட்டபோது, அவருக்கு ஒதுக்கப்பட்ட எண் 0. அவருக்கு வழங்கும் பெயர் ‘ரூட்’. 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ் இதே ஏற்பாட்டைப் பின்பற்றியது. உலகின் இணையதளங்களில் பெரும்பகுதி இன்று லினக்ஸ் சர்வர்களிலிருந்தே இயங்குகிறது. இயங்குதளத்தின் மையப்பகுதியான கெர்னல், பெயரைப் பார்ப்பதில்லை. எண்ணை மட்டுமே பார்க்கிறது. எண் 0 என்றால் கோப்பின் மீதுள்ள அனுமதிக் குறிப்புகளைப் பொருட்படுத்தாமல் வழி விட்டுவிடுகிறது. ‘ரூட்’ என்ற பெயரை மாற்றி வைத்தாலும் அதிகாரம் குறையாது. வேறொரு பெயருக்கு 0 என்ற எண்ணைக் கொடுத்தால் அதே அதிகாரம் அங்கும் வந்துவிடும். ஊடுருவியவர்கள் தங்களுக்கெனப் பின்வாசல் அமைத்துக்கொள்ளும்போது செய்யும் வேலைகளில் இதுவும் ஒன்று. விண்டோஸ் சர்வர்களில் ‘அட்மினிஸ்ட்ரேட்டர்’ என்னும் கணக்கு ஏறத்தாழ இதே இடத்தை வகிக்கிறது.

அதிகாரம் எங்கே தேவைப்படுகிறது, எங்கே கைவிடப்பட வேண்டும் என்பதை, ஒரு வலைப்பக்கம் திறக்கும்போது சர்வருக்குள் நடப்பதைக் கவனித்தாலே புரிந்துகொள்ளலாம். சர்வரோடு தொடர்புகொள்ளும் ஒவ்வொரு சேவைக்கும் போர்ட் எனப்படும் எண்ணிட்ட வாயில் ஒன்று உண்டு. பாதுகாப்பான வலைப்பக்கங்களுக்கு 443, பழைய வகைப் பக்கங்களுக்கு 80, மின்னஞ்சல் பரிமாற்றத்துக்கு 25. ஒரே கணினியைப் பலர் பயன்படுத்திய நாளில், யாரோ ஒரு சாதாரணப் பயனர் போலியான அஞ்சல் சேவையைத் தொடங்கிப் பிறர் கடிதங்களை வாங்கிவிடக் கூடாது என்பதற்காக, 1024க்குக் கீழுள்ள வாயில்களை ரூட் மட்டுமே திறக்கலாம் என யூனிக்ஸில் விதி செய்யப்பட்டது. இதனால் அபாச்சி, என்ஜின்எக்ஸ் போன்ற வலைச் சேவை மென்பொருள்கள் வழக்கமாக ரூட்டாகவே தொடங்குகின்றன. 443ஐத் திறந்தவுடன், உண்மையில் பக்கங்களை அனுப்பும் வேலையை, அதிகாரம் ஏதுமற்ற ஒரு சாதாரணப் பயனரின் பெயரில் இயங்கும் துணைச் செயல்முறைகளிடம் ஒப்படைத்துவிடுகின்றன. லினக்ஸின் ஒரு வகையான உபுண்டுவில் அந்தப் பயனரின் பெயர் ‘டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா’. தளத்தின் நிரலில் ஓட்டை இருந்து ஒருவர் உள்ளே நுழைந்துவிட்டாலும், அவர் கைக்கு வருவது அந்த ஏழைப் பயனரின் உரிமைகள் மட்டுமே. மற்றப் பயனர்களின் கடவுச்சொற்களின் குறியாக்கங்கள் வைக்கப்பட்டிருக்கும் ‘ஷேடோ’ என்னும் கோப்பை அவரால் திறந்து பார்க்கக்கூட முடியாது.

இவ்வளவு கவனமாகக் கட்டப்பட்ட தடுப்பை அவசரக்காரர்கள் இரண்டு நிமிடங்களில் தகர்த்துவிடுகிறார்கள். படம் ஏற்றும்போது ‘அனுமதி இல்லை’ என்ற செய்தி வந்தால், உரிமையாளர் யார் என்று பார்த்துத் திருத்துவதற்குப் பதிலாக, யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்று பொருள்படும் 777 என்ற அனுமதியைக் கோப்புறை முழுவதற்கும் போட்டுவிடுவது ஒரு வழக்கம். சேவையையே ரூட்டாக இயக்கிவிடுவது அதைவிட மோசமான வழக்கம். இரண்டும் அப்போதைக்கு வேலை செய்யும் என்பதுதான் அவற்றின் ஆபத்து.

முழு அதிகாரம் உண்மையாகவே தேவைப்படும் இடங்கள் உண்டு. பொதுவாகக் கிடைக்காத ஒரு மென்பொருளை நிறுவ வேண்டியிருப்பவர், தரவுத்தளத்துக்கு எவ்வளவு நினைவகம் ஒதுக்குவது என்பதைத் தானே தீர்மானிக்க விரும்புபவர், எந்த முகவரியிலிருந்து வரும் தொடர்புகளை ஏற்பது, எதை மறுப்பது என்னும் ஃபயர்வால் விதிகளைத் தன் கணக்குப்படி எழுத வேண்டியவர், வாடிக்கையாளரின் பணமோ மருத்துவக் குறிப்போ கையாளப்படுவதால் அண்டை வீட்டுத் தளம் எதுவும் அதே கணினியில் இருக்கக் கூடாது என்று சட்டத்தாலோ ஒப்பந்தத்தாலோ கட்டுண்டவர் ஆகியோருக்கு வேறு வழியில்லை. ஆனால் ஒரு வேர்ட்பிரஸ் தளமும் நாலைந்து அலுவலக மின்னஞ்சல் முகவரிகளும் வைத்திருப்பவர், வேகம் போதவில்லை என்ற ஒரே காரணத்துக்காக டெடிகேட்டட் சர்வருக்கு மாறுவது, பெரும்பாலும் தேவையற்ற செலவு. சரியாக எழுதப்படாத நிரல், எந்தப் பெரிய கணினியிலும் மெதுவாகவே ஓடும்.

சர்வர் கைக்கு வந்ததும் முதலில் தெரியவருவது, அது தனியாக இல்லை என்பது. தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழைய இன்று பயன்படும் எஸ்எஸ்எச் என்னும் முறையை, 1995இல் பின்லாந்தின் ஹெல்சின்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் டாட்டு யூலோனென் உருவாக்கினார். அதற்கு முன் வழக்கிலிருந்த டெல்நெட் முறையில் கடவுச்சொல் மறைப்பின்றி அப்படியே வலையமைப்பில் சென்றதால், அதை ஒட்டுக்கேட்டுத் திருடும் தாக்குதல் ஒன்று அந்தப் பல்கலைக்கழகத்தின் வலையமைப்பிலேயே நடந்திருந்தது. கோப்புப் பரிமாற்றத்துக்கான 21க்கும் டெல்நெட்டுக்கான 23க்கும் இடையில் காலியாக இருந்த 22ஆம் வாயில் எஸ்எஸ்எச்சுக்குக் கிடைத்தது. இன்று இணையத்தில் புதிதாக இணைக்கப்படும் எந்தச் சர்வரின் 22ஆம் வாயிலையும் தானியங்கி நிரல்கள் சிறிது நேரத்துக்குள்ளேயே தட்டத் தொடங்கிவிடுகின்றன. நுழைவு முயற்சிகள் எழுதப்படும் பதிவேட்டைத் திறந்தால், ‘ரூட்’, ‘அட்மின்’, ‘டெஸ்ட்’, ‘உபுண்டு’, ‘ஆரக்கிள்’ என்று பெயர்கள் மாறி மாறி வந்து, தவறான கடவுச்சொல் என்ற குறிப்போடு வரிவரியாக நீள்வதைக் காணலாம். இவற்றுள் ரூட் என்ற பெயர் திரும்பத் திரும்ப வருவதற்குக் காரணம் வெளிப்படை. மற்றப் பயனர்களின் பெயரை ஊகிக்க வேண்டும். இந்தப் பெயர் எல்லாச் சர்வரிலும் இருக்கும் என்று முன்பே தெரியும்.

ஆகவேதான் 2015இல் வெளிவந்த ஓப்பன்எஸ்எஸ்எச் 7.0 பதிப்பு, ரூட் கணக்குக்குள் கடவுச்சொல்லைக் கொண்டு நேரடியாக நுழைவதை இயல்புநிலையிலேயே மறுத்துவிட்டது. அதற்கு மாற்றான முறையில், ஒன்றோடொன்று கணிதரீதியாகப் பிணைந்த இரண்டு சாவிக் கோப்புகள் உருவாக்கப்படுகின்றன. பொதுச் சாவி சர்வரில் வைக்கப்படுகிறது, தனிச் சாவி நிர்வாகியின் கணினியை விட்டு வெளியே செல்வதே இல்லை. ஊகித்துக் கண்டுபிடிக்க இங்கே சொல் எதுவும் இல்லாததால், மேற்சொன்ன தட்டல்கள் அனைத்தும் வீணாகின்றன. 22ஐ வேறு எண்ணுக்கு மாற்றிவிட்டால் பாதுகாப்பு வந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். அதனால் பதிவேட்டின் இரைச்சல் குறையும், வேறு பெரிய பயன் இல்லை.

வெளியார் நுழைவதைப் பற்றி இவ்வளவு பேசினாலும், ரூட் அதிகாரத்தால் நேர்ந்த புகழ்பெற்ற சேதங்களில் சில, உரிமையுள்ளவரின் விரல்களாலேயே நேர்ந்தவை. நிரலாளர்கள் தங்கள் நிரல்களைச் சேமித்துவைக்கும் கிட்லேப் என்னும் சேவையில் 2017 ஜனவரி 31 அன்று நடந்தது, அந்த நிறுவனமே மறைக்காமல் வெளியிட்டதால், விரிவாகத் தெரிந்த ஒன்று. அதன் சர்வர்கள் வாடகைக்குப் பெற்ற மேகக் கணினிகள்தான் என்றாலும், நிர்வாகியின் அதிகாரம் அங்கும் இதே தன்மையதே. முதன்மைத் தரவுத்தள சர்வரிலிருந்து துணை சர்வருக்குச் சென்றுகொண்டிருந்த நகல், சுமை மிகுந்ததால் பின்தங்கிப்போனது. அதைச் சரிசெய்ய இரவு வெகுநேரம் போராடிய பொறியாளர் ஒருவர், துணை சர்வரின் தரவுக் கோப்புறையைத் துடைத்துவிட்டு நகலைப் புதிதாகத் தொடங்க முடிவுசெய்து, அழிப்புக் கட்டளையை இட்டார். அவர் கட்டளையிட்ட சாளரம் துணை சர்வருடையது அன்று, முதன்மை சர்வருடையது. ஓரிரு நொடிகளில் தவற்றை உணர்ந்து அவர் நிறுத்தியபோது, ஏறத்தாழ 300 ஜிகாபைட் தரவில் சுமார் 4.5 ஜிகாபைட் மட்டுமே எஞ்சியிருந்தது.

அதற்குப் பின் வெளிவந்தது அழிப்பைவிடப் பாடம் நிறைந்தது. தரவைத் தினமும் நகலெடுத்து வெளியே அனுப்ப வேண்டிய நிரல், தரவுத்தளத்தின் பதிப்போடு பொருந்தாத பழைய பதிப்பில் இயங்கியதால் ஒவ்வொரு நாளும் தோற்றுக்கொண்டிருந்தது. தோல்வியை அறிவிக்கும் மின்னஞ்சல்களோ பெறும் முனையில் ஏற்கப்படாமல் நின்றுபோயின. வட்டை அப்படியே படமெடுத்து வைக்கும் வசதி, தரவுத்தள சர்வர்களுக்கு இயக்கப்பட்டிருக்கவே இல்லை. சோதனை வேலைக்காக அதே பொறியாளர் சுமார் ஆறு மணி நேரம் முன்னதாகக் கையால் எடுத்துவைத்த ஒரு நகல்தான் கடைசியில் கைகொடுத்தது. மீட்புப் பணியை நிறுவனம் யூடியூபில் நேரலையாக ஒளிபரப்பியது. அந்த ஆறு மணி நேரத்தில் பதிவான, சுமார் 5,000 திட்டங்களையும் 5,000 கருத்துரைகளையும் 700 புதிய பயனர் கணக்குகளையும் சார்ந்த தரவு திரும்பக் கிடைக்கவில்லை. பின்னர் எடுக்கப்பட்ட நடவடிக்கைகளில் ஒன்று மிக எளியது: கட்டளை இடும் திரையின் தொடக்கத்தில், இது எந்தச் சர்வர் என்பது பார்த்தவுடன் வேறுபட்டுத் தெரியும்படி செய்வது.

லினக்ஸின் கட்டளைத் திரையில் சாதாரணப் பயனருக்கு வரித் தொடக்கத்தில் டாலர் குறியும், ரூட்டுக்கு ஹேஷ் குறியும் தோன்றுவது மரபு. இதைப் போன்ற சிறு அடையாளங்களைத் தவிர இரண்டுக்கும் கண்ணுக்குத் தெரியும் வேறுபாடு அதிகமில்லை, ‘உறுதியாகவா?’ என்று ரூட்டிடம் இயங்குதளம் கேட்பதும் அரிது. கணினியின் எல்லாக் கோப்புகளையும் ஒரேயடியாக அழிக்கும் கட்டளையை, அதற்கெனத் தனி ஒப்புதலைச் சேர்த்து எழுதினால் ஒழிய, லினக்ஸின் அழிப்பு நிரல் 2006 முதல் மறுத்துவருகிறது. கோப்புறைகளைத் தனித்தனியே அழித்தால் அந்தக் காப்பும் குறுக்கே வராது.

இதனால் அனுபவமுள்ள நிர்வாகிகள் ரூட் கணக்குக்குள் குடியிருப்பதில்லை. சாதாரணப் பயனராக நுழைந்து, தேவையான ஒரு கட்டளைக்கு மட்டும் அதிகாரத்தைக் கடன் வாங்கும் ‘சூடோ’ என்னும் கருவி 1980ஐ ஒட்டி, நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகத்தின் பஃபலோ வளாகத்தில் பாப் காகெஷாலும் கிளிஃப் ஸ்பென்சரும் எழுதியது. யார், எப்போது, எந்தக் கட்டளையை இட்டார் என்பது இதன் வழியே பதிவாகிறது. மூவர் சேர்ந்து ஒரு ரூட் கடவுச்சொல்லைப் பகிர்ந்துகொண்டால் தவறு நேரும்போது கைகாட்ட ஆளிருக்காது, மூவருக்கும் தனிக் கணக்கும் சூடோவும் இருந்தால் விடை பதிவேட்டில் இருக்கும். ஒருவர் வேலையை விட்டுப் போகும்போது அவரது கணக்கை மட்டும் மூடினால் போதும் என்பது இன்னொரு நன்மை. உபுண்டு தன் 2004ஆம் ஆண்டு முதல் பதிப்பிலிருந்தே ரூட் கணக்கைப் பூட்டிவைத்துச் சூடோவையே வழியாகக் காட்டுகிறது. காவல் கருவியும் பழுதுக்கு விலக்கன்று: 2011 முதல் சூடோவிலேயே மறைந்து கிடந்த, எந்தச் சாதாரணப் பயனரும் ரூட்டாக மாற இடம்தரும் ஒரு பிழையை, குவாலிஸ் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2021 ஜனவரியில்தான் வெளிக்கொணர்ந்தார்கள். அந்த வாரத்தில் தன் சர்வரைப் புதுப்பித்தவர் யார், புதுப்பிக்க வேண்டும் என்பதே தெரியாமல் இருந்தவர் யார் என்பதில்தான் முழு அதிகாரத்தின் உண்மை விலை அடங்கியிருக்கிறது.

முழு அதிகாரம் என்று சொல்லப்பட்டாலும் அதற்கு மேலும் ஒரு படி உண்டு. சர்வர்களின் தாய்ப்பலகையில், இயங்குதளத்தைச் சாராமல் தனியே இயங்கும் ஒரு சிறு கட்டுப்பாட்டுக் கணினி பொருத்தப்பட்டிருக்கிறது. டெல் நிறுவனம் இதை ஐடிராக் என்றும், எச்பிஇ நிறுவனம் ஐலோ என்றும் அழைக்கின்றன. சர்வர் உறைந்து நின்றாலும் இதன் வழியே தொலைவிலிருந்து மின்சாரத்தை நிறுத்தித் தொடங்கவும், திரையைப் பார்க்கவும், வேறொரு மீட்பு இயங்குதளத்தைக் கொண்டு கணினியை எழுப்பவும் முடியும். அப்படி எழுப்பினால் ரூட் கடவுச்சொல்லை மறந்தவர் புதிதாக அமைத்துக்கொள்ளலாம். வட்டு முழுவதும் மறையாக்கம் செய்யப்படாதிருந்தால், கணினிக்கு அருகில் நிற்கும் எவரும் அதையே செய்யலாம். இடத்தையும் இயந்திரத்தையும் வைத்திருப்பவரிடமே கடைசி அதிகாரம் தங்கியிருக்கிறது. 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் ஐந்து மாடித் தரவு மையம் ஒன்று எரிந்து அழிந்தபோது, நகலையும் அதே வளாகத்தில் வைத்திருந்த வாடிக்கையாளர்கள் இரண்டையும் சேர்த்தே இழந்தார்கள். நகல் வேறு ஊரில், வேறு கணக்கில் இருக்க வேண்டும். முக்கியமாக, சர்வர் தானே நகலை அனுப்புவதைவிட, நகல் காக்கும் கணினி வந்து எடுத்துச்செல்வது நல்லது. சர்வரில் ரூட்டைக் கைப்பற்றியவர் முதலில் தேடுவது நகல் இருக்கும் இடத்தின் சாவியைத்தான்.

கைப்பற்றப்பட்ட சர்வரைப் பற்றி ஓர் உண்மை கசப்பானது: ரூட் பறிபோன பிறகு அந்தக் கணினி தன்னைப் பற்றிச் சொல்லும் எதையும் நம்ப இயலாது. ரூட்கிட் எனப்படும் நிரல்கள், ஓடிக்கொண்டிருக்கும் செயல்முறைகளின் பட்டியலிலிருந்தும் கோப்புகளின் பட்டியலிலிருந்தும் தம்மை மறைத்துக்கொள்ள வல்லவை. பதிவேட்டின் வரிகளை அழிப்பதும் ரூட்டுக்கு எளிது. எனவே பதிவுகளை உடனுக்குடன் வேறொரு கணினிக்கும் அனுப்பிவைப்பது அவசியம். ஊடுருவல் உறுதியானால், சுத்தம் செய்ய முயலாமல், வட்டைத் துடைத்து இயங்குதளத்தைப் புதிதாக நிறுவுவதே துறையினர் கைக்கொள்ளும் வழி. 2024 மார்ச் 29 அன்று, எக்ஸ்இசட் என்னும் சாதாரணச் சுருக்க மென்பொருளுக்குள் யாரோ நெடுங்காலம் திட்டமிட்டு நுழைத்த பின்வாசல் ஒன்று அம்பலமானது. பரவியிருந்தால், எண்ணற்ற லினக்ஸ் சர்வர்களில் எஸ்எஸ்எச் வழியே ரூட் அதிகாரம் அதை வைத்தவர் கைக்குப் போயிருக்கும். ஆண்ட்ரஸ் ஃப்ராயிண்ட் என்னும் பொறியாளர், எஸ்எஸ்எச் நுழைவுக்கு வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாக ஆவதைக் கவனித்து, ஏன் என்று தோண்டியதால் அது தடுக்கப்பட்டது.

நெருக்கடி இல்லாத நாள்களிலும் வேலை ஓய்வதில்லை. ஹோஸ்டிங் உலகில் நெடுங்காலம் பரவலாக இருந்த சென்ட்ஓஎஸ் என்னும் லினக்ஸ் வகையின் 8ஆம் பதிப்புக்கான ஆதரவு 2021 டிசம்பர் 31 அன்றும், அதற்கு முந்தைய பதிப்பான 7க்கான ஆதரவு 2024 ஜூன் 30 அன்றும் முடிந்துபோயின. அவற்றில் இயங்கிய ஒவ்வொரு சர்வரையும் அல்மாலினக்ஸ், ராக்கி லினக்ஸ் போன்ற வேறொன்றுக்கு மாற்றும் பொறுப்பு ரூட் வைத்திருந்தவருடையதாயிற்று. ‘மேனேஜ்டு’ எனப்படும் திட்டங்களில், கூடுதல் கட்டணத்துக்கு, ஹோஸ்டிங் நிறுவனமே புதுப்பித்தலையும் கண்காணிப்பையும் ஏற்கிறது. சொந்தமாக ஆள் இல்லாத சிறு நிறுவனங்களுக்கு அந்தக் கட்டணம் நியாயமானது. எனினும் எது எதை அவர்கள் ஏற்கிறார்கள் என்பது ஒப்பந்தத்தில் பெயர் சொல்லி எழுதப்பட்டிருக்க வேண்டும், ஏனெனில் சில நிறுவனங்களின் அகராதியில் மேலாண்மை என்பது சர்வரை மறுதொடக்கம் செய்வதோடு முடிந்துவிடுகிறது.

இந்தியாவில் சர்வர் நடத்துவோருக்குச் சட்டமும் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. 2022 ஏப்ரல் 28 அன்று செர்ட்-இன் என்னும் மத்திய அரசு அமைப்பு பிறப்பித்த உத்தரவின்படி, குறிப்பிட்ட வகை ஊடுருவல்கள் தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் அதற்குத் தெரிவிக்கப்பட வேண்டும்; கணினி அமைப்புகளின் பதிவுகள் 180 நாள்களுக்குக் காக்கப்பட வேண்டும். இந்த உத்தரவு தரவு மையங்களோடு நில்லாமல், கணினிகளைப் பயன்படுத்தித் தொழில் நடத்தும் நிறுவனங்களையும் கட்டுப்படுத்துகிறது. எனவே முழு அதிகாரத்தோடு சர்வர் எடுக்க நினைப்பவர்கள், ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன், ஞாயிறு நள்ளிரவில் அந்தப் பதிவுகளைத் திறந்து படித்துப் புரிந்துகொள்ளக்கூடிய ஒருவர் தம் நிறுவனத்தில் இருக்கிறாரா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் மேனேஜ்டு திட்டத்தையே கேட்டு வாங்குவது நல்லது.